பாட்டன் காணாத தாயகம்

சிதறுண்ட ஓர் இனத்தின் கதை – 9

சென்ற வாரம் சென்னைப் பட்டணத்து ஆர்மீனிய வர்த்தகர்களின் வரலாற்றைப் பார்த்தோம். அரண்மனைக்காரத் தெரு என்று ஜனங்கள் வழங்கும் வீதியில் 1772-இல் எழுந்த அவர்களுடைய தேவாலயத்தையும், ஆர்மீனிய பாஷையில் உலகிலேயே முதன்முதலாக வெளிவந்த பத்திரிகையாகிய 'அஸ்தரார்' 1794-இல் இந்த நகரத்திலேயே அச்சேறிய விசேஷத்தையும், ஆள்வதற்கு ஒரு சாண் பூமியும் இல்லாத தம் இனத்துக்கு என்றேனும் ஒருநாள் வேண்டியிருக்கும் என்ற திட நம்பிக்கையோடு ஷஹாமிர் ஷஹாமிரியான் ஓர் அரசியல் சட்டத்தையே வகுத்து, 1773 என்று ஆண்டு பொறித்த நூலாகச் சென்னையில் பதிப்பித்த அதிசயத்தையும் சொல்லி நிறுத்தினோம். அந்த வர்த்தகர்கள் தாயகத்துக்காகப் பொருளைக் கொடுத்தார்கள், புத்தியைக் கொடுத்தார்கள். தாமே அங்கே சென்று வாழ்ந்தார்கள் இல்லை. சென்று உழைத்தவர்களைப் பற்றியது இந்த வாரத்துக் கட்டுரை.

அவ்வாறு செல்லத் துணிந்தவர்களில் ஹோவ்ஸெப் எமின் என்பவரை முதலில் நினைக்க வேண்டும். 1726-இல் பாரசீகத்து ஹமதான் நகரில் பிறந்து, இளமையில் கல்கத்தா வந்து சேர்ந்து, தந்தையின் சித்தத்துக்கு மாறாக 1751-இல் கப்பலில் ஊழியம் செய்துகொண்டே லண்டன் போய்ச் சேர்ந்து, அங்கே கூலி வேலை பார்த்து வயிறு வளர்த்து, எட்மண்ட் பர்க் முதலிய பெரியோரின் சிநேகத்தைப் பெற்று, யுத்த சாஸ்திரம் பயின்று, அதன் பின்னர் தம் ஜனங்களை அந்நிய ஆட்சியிலிருந்து மீட்பதற்காக ஆர்மீனிய மலைகளை நோக்கிப் பிரயாணம் செய்த அந்த மனிதருடைய வாழ்க்கை, கற்பனைக் கதைகளையும் விஞ்சியது. காரியம் கைகூடவில்லை. சென்னை வர்த்தகர்களிடம் அவர் நாடிய உதவியும் முழுமையாகக் கிட்டவில்லை. 1792-இல் தம் சரித்திரத்தை லண்டனில் நூலாக வெளியிட்டுவிட்டு, 1809-இல் கல்கத்தாவிலேயே காலமானார். மீட்பனாக வருகிறவனை ஜனங்கள் எளிதில் நம்புவதில்லை என்பதும், உடன் வேலை செய்ய வருகிறவனை நாளடைவில் ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதும் அவருக்குப் பின் வந்த தலைமுறைகள் மெல்ல மெல்லக் கண்ட உண்மைகள். எமினைப் போல வாளேந்திச் செல்லாமல், பள்ளிக்கூடத்திலும் மருத்துவமனையிலும் நாற்றங்காலிலும் சில மாதங்கள் சம்பளமின்றி வேலை செய்வதற்காக இன்று ஆர்மீனியாவுக்குச் செல்லும் இளைஞர்கள் அந்த உண்மையின் பயனை அனுபவிக்கிறார்கள்.

இவர்கள் யார்? 1915-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் தேதி இரவு கான்ஸ்டான்டிநோபிளில் ஆர்மீனிய அறிஞர்களும் தலைவர்களும் சிறைபிடிக்கப்பட்டதிலிருந்து விரிந்து பரந்த அந்த மகா சம்ஹாரத்தில், கார்பெர்ட், சிவாஸ், மராஷ் முதலிய ஊர்களிலிருந்து துரத்தப்பட்டு, சிரியப் பாலைவனத்து மரண யாத்திரையில் எஞ்சியவர்களின் கொள்ளுப்பேரர்கள், பேத்திகள். அலெப்போ, பெய்ரூட், மார்ஸேய், பாஸ்டன், லாஸ் ஏஞ்சலிஸ், புவனோஸ் அயர்ஸ் என்று உலகெங்கும் பிறந்து வளர்ந்தவர்கள். அவர்கள் பாட்டிமார் சொல்லக் கேட்ட ஊர்களெல்லாம் இன்றைக்குத் துருக்கியின் எல்லைக்குள் இருக்கின்றன. 1991-இல் சோவியத் யூனியனிலிருந்து பிரிந்து சுதந்திரம் பெற்ற இன்றைய ஆர்மீனியக் குடியரசோ, பழைய ஆர்மீனிய பூமியின் கிழக்குப் பகுதியில் ஒரு துண்டு. அவர்களில் பெரும்பாலோருடைய பாட்டன்மார் ஒருநாளும் கால்வைத்து அறியாத இடம். எரெவான் நகரத்திலிருந்து நோக்கினால், இனத்தின் சின்னமாக அவர்கள் போற்றும் அராரத் மலை, மூடிக்கிடக்கும் எல்லைக்கு அப்பால் நிற்கிறது. ஆகவே தாயகம் போகிறோம் என்று புறப்படும் ஒருவர், தாம் கேட்டு வளர்ந்த தாயகத்தை அங்கே காண்பதில்லை. தம் முன்னோர் வாழ்ந்திராத ஓர் ஊரைச் சொந்த ஊராக ஏற்பதா, வேண்டாமா என்று தாமே நிர்ணயிக்க வேண்டியவராகிறார். மனம் பக்குவப்படுவதற்கான முதல் சோதனை இதுவே.

இந்தப் பிரயாணங்களுக்கு ஒழுங்கு செய்து கொடுக்கும் ஸ்தாபனங்களில் பிரசித்தமானது, எடீல் ஹொவ்னானியான் என்ற அமெரிக்க ஆர்மீனியப் பெண்மணி 2003-இல் நிறுவிய 'பர்த்ரைட் ஆர்மீனியா'. இதே பெயர்ச் சாயலில் இஸ்ரேலுக்கு யூத இளைஞர்களை அழைத்துச் செல்லும் ஏற்பாடு ஒன்று அதற்கு முன்பே உண்டு. அது பெரும்பாலும் பத்து நாள் சுற்றுலாவாக அமைந்தது. ஆர்மீனியர் வகுத்துக்கொண்ட முறையில் ஊர் பார்ப்பதோடு உழைப்பும் கட்டாயம். வாரக்கணக்கில் தங்கி, தாம் கற்ற தொழிலுக்கு ஏற்ற இடத்தில் வேலை செய்ய வேண்டும். பாஷை வகுப்புக்குப் போக வேண்டும். வார இறுதிகளில் தேசத்தைச் சுற்றிப் பார்க்கலாம். விரும்பினால் உள்ளூர்க் குடும்பம் ஒன்றின் வீட்டில் தங்கலாம். இதற்கும் முன்னதாக, 1970-களின் இறுதியில் பிரான்சில் தோன்றிய 'நிலமும் பண்பாடும்' என்ற சங்கம், இடிந்துகொண்டிருந்த பழைய ஆர்மீனிய ஆலயங்களைத் தொண்டர்களின் கைகளாலேயே செப்பனிடும் வழக்கத்தைத் தொடங்கி வைத்திருந்தது.

உதவி செய்ய வந்தவர், வந்த கணத்திலிருந்து உதவி பெறுகிறவராகிவிடுவது இந்தச் சேவையின் விசேஷம். பெய்ரூட்டிலோ பாரிஸிலோ வீட்டில் பேசிய பாஷை மேற்கு ஆர்மீனியம். எரெவானில் வழங்குவது கிழக்கு ஆர்மீனியம். எழுத்துக்கள் கி.பி. 405-ஐ ஒட்டி மெஸ்ரோப் மாஷ்டோட்ஸ் வகுத்த அதே எழுத்துக்கள்தாம்; ஆயினும் உச்சரிப்பும் இலக்கணமும் வேறுபடுகின்றன, 1922-இல் சோவியத் ஆட்சி புகுத்திய சீர்திருத்தத்தால் எழுத்துக்கூட்டலும் வேறுபட்டுவிட்டது. பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற இருபத்தைந்து வயது யுவதி, காய்கறிக் கடையில் தன் தாய்மொழியிலேயே தடுமாறி நிற்க, கடைக்காரர் பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கிறார். தங்கியிருக்கும் வீட்டில், தரையில் பதித்த மண்ணடுப்பின் உட்சுவரில் அறைந்து சுட்ட லவாஷ் ரொட்டியை, தாங்கள் உண்பதற்கு முன்பாக விருந்தாளிக்கு வைக்கிறார்கள். பெறுவதற்குக் கூச்சப்படாமல் கற்றுக்கொண்டவனே பணிவாகக் கொடுக்கவும் அறிவான். தொண்டு செய்கிறவன் மனத்தில் தன்னை அறியாமலே முளைக்கும் அகந்தைக்கு இதைவிடச் சிறந்த மருந்து இல்லை.

வேலையின் தன்மையை அறிய, அத்தேசம் பட்ட துன்பங்களையும் அறிந்திருக்க வேண்டும். 1988-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் தேதி முற்பகல் 11 மணி 41 நிமிஷத்துக்கு வடக்கு ஆர்மீனியாவைத் தாக்கிய பூகம்பத்தில் ஸ்பிடாக் நகரம் தரைமட்டமாயிற்று; லெனினாகான் என்று அப்போது பெயர் கொண்டிருந்த கியூம்ரி பெருஞ்சேதமுற்றது; குறைந்தது 25,000 பேர் மாண்டனர். தற்காலிகமாக என்று கொடுக்கப்பட்ட இரும்புக் கொட்டகைகளிலேயே குழந்தைகள் பிறந்து வளர்ந்து பெரியவர்களான குடும்பங்கள் கியூம்ரியில் உண்டு. பூகம்பத்துக்குப் பின், பாதுகாப்பை முன்னிட்டு மெட்ஸமோர் அணுமின் நிலையம் 1989-இல் மூடப்பட்டது. பிறகு அஸர்பைஜானுடன் யுத்தம் மூண்டு எல்லைகளும் அடைபட்டன. 1990-களின் தொடக்கத்துக் கடுங்குளிரில் மின்சாரமும் எரிபொருளும் இன்றித் தவித்த ஜனங்கள், உயிர் தரிப்பதற்காகத் தெருவோர மரங்களையும் காடுகளையும் வெட்டி எரித்தார்கள். அந்த வெறுமையைக் கண்டு 1994-இல் கேரொலின் மூகர் தொடங்கிய 'ஆர்மீனிய மர நடவுத் திட்டம்', அகதிகள் குடியேறிய கரீன் போன்ற கிராமங்களில் நாற்றங்கால்கள் அமைத்தது. வெளிநாட்டிலிருந்து வரும் இளைஞர்கள் அங்கே மண் சுமக்கும்போது, மரம் வெட்டிய குளிர்காலத்தை நினைவில் வைத்திருக்கும் முதியவர்களோடு தோளோடு தோள் நின்று சுமக்கிறார்கள்.

இங்கேதான் அவர்கள் உள்ளத்தில் நிகழும் மாறுதலின் மர்மம் இருக்கிறது. வெளிநாட்டு ஆர்மீனியன் தன் இனத்தின் துக்கத்துக்கு வாரிசாகப் பிறக்கிறான். ஆண்டுதோறும் ஏப்ரல் 24-இல் மெழுகுவத்தி ஏற்றுகிறான். இழந்ததை எண்ணி உருகுகிறான். அந்த நினைவு புனிதமானது, அதைக் கைவிடச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் துக்கத்துக்கு மட்டும் வாரிசாக இருப்பவன் உயிரோடிருக்கும் எவருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வேலைக்குப் பொறுப்பேற்றவனோ மறுநாள் காலையில் பதில் சொல்லியாக வேண்டும். கியூம்ரியில் ஆங்கிலம் கற்க வரும் சிறுவன் அவனுக்காகக் காத்திருக்கிறான். எரெவான் மருத்துவமனையில் கைகால் வழங்காத குழந்தை பயிற்சிக்காகக் காத்திருக்கிறது. அவர்களுக்கு வேண்டியது அவனுடைய கண்ணீரன்று. அவன் தவறாமல் வருவதும், தெரிந்ததைச் சிரத்தையோடு செய்வதும், தெரியாததைக் கேட்டறிவதுமே. இவ்விதம் நினைவு கடமையாக மாறும்போது, இளைஞன் முதிர்ச்சி அடைகிறான்.

இன்னொரு கடினமான உண்மையையும் அவன் சந்திக்க நேரிடுகிறது. சுதந்திரத்துக்குப் பின் பிழைப்பைத் தேடி ருஷியாவுக்கும் பிற தேசங்களுக்கும் லட்சக்கணக்கான ஆர்மீனியர் குடிபெயர்ந்து போயிருக்கிறார்கள். இன்று நாட்டில் வசிப்போர் சுமார் 30 லட்சமே, வெளியில் இருப்போர் அதனினும் அதிகம். தன் மகன் மாஸ்கோவில் கட்டட வேலை செய்து அனுப்பும் பணத்தில் வாழும் தாயொருத்தி, அமெரிக்காவிலிருந்து வந்த இளைஞனைப் பார்த்து, "எல்லாம் இருந்தும் நீ ஏனப்பா இங்கே வந்தாய்?" என்று கேட்பாளாயின், அவன் என்ன சொல்வான்? விமானச் சீட்டு வாங்க வசதியுள்ளவனுக்கே தாயகப் பற்று ஒரு விருப்பமாக அமைகிறது என்பதையும், அங்கேயே இருந்து வருந்துவோருக்கு அது அன்றாடப் பாரம் என்பதையும் அக்கேள்வி உணர்த்திவிடும். உணர்ந்தவன் அந்நாட்டைப் புகழ்ந்து பாடுவதைக் குறைத்துக்கொண்டு, அதன் குறைகளைக் கோபமின்றிப் பேசப் பழகுகிறான். தேசபக்திக்கு இதைவிட உயர்ந்த படி ஒன்று உண்டென்று நான் கருதவில்லை. இப்படி வந்தவர்களில் சிலர் திரும்பிப் போகாமல் அங்கேயே வேலை தேடி, மணம் செய்து, குடும்பமாகிவிட்டதும் உண்டு.

2023 செப்டம்பரில், அஸர்பைஜான் படையெடுத்துக் கைப்பற்றிய நகோர்னோ-கராபாக் பிரதேசத்திலிருந்து ஒரு வார காலத்துக்குள் லட்சத்துக்கு மேற்பட்ட ஆர்மீனியர், கையில் கிடைத்ததை மட்டும் எடுத்துக்கொண்டு கோரிஸ் நகரின் வழியாக ஆர்மீனியாவுக்குள் வந்து சேர்ந்தார்கள். போர்வையும் உணவும் பங்கிட, பெயர்களைப் பதிவு செய்ய, குழந்தைகளைக் கவனித்துக்கொள்ள எத்தனையோ கைகள் தேவைப்பட்டன. அந்தக் கைகளில் உள்ளூராருடையவையும் வெளிநாட்டில் பிறந்தோருடையவையும் கலந்திருந்தன. நூறாண்டுக்கு முன் அகதியாக ஓடியவர்களின் சந்ததி, இப்போது அகதியாக வந்தவர்களுக்கு வாசலில் நின்று வரவேற்பளித்தது. பூர்வீகம் என்பது பிறப்பினால் மட்டும் கிடைக்கும் உரிமையன்று, உழைப்பினால் ஒவ்வொரு தலைமுறையும் புதுப்பித்துக்கொள்ள வேண்டிய உறவு என்பதை அவர்கள் செயலால் நிரூபித்துவிட்டார்கள். சிதறுண்ட எந்த ஜனத்துக்கும், தன் மண்ணைவிட்டு வேற்றூரில் பிள்ளை வளர்க்கும் எந்தக் குடும்பத்துக்கும் இது பொருந்தும். பிள்ளைகளுக்குப் பழைய ஊரின் பெருமையைச் சொல்லிக் கொடுங்கள். அதோடு, இன்று அங்கே வாழும் மனிதர்களுக்கு அவர்களால் ஆகக்கூடிய வேலை எது என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.

அடுத்த வாரம்: 1946 முதல் 1948 வரை, சோவியத் ஆர்மீனியாவின் அழைப்பை நம்பிக் கப்பலேறித் தாயகம் புகுந்த சுமார் 90,000 பேரின் கதை.