மழையில் காணாமல் போகும் குதிரைகள்

600 குதிரைத்திறன். கோடிகளில் விலை. நின்ற இடத்திலிருந்து நூறைத் தொட மூன்றரை வினாடி. இப்படி ஒரு காரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எல்லோரும் இந்த எண்களைத்தான் முதலில் எழுதுகிறோம். சாலை நனைந்தபின் அதில் எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு.

போட்டுப் பார்த்துவிடுவோம். காரின் எடை 1,600 கிலோ, பின்சக்கர இயக்கம், எடையில் அறுபது சதவீதம் பின்னால் என்று வைத்துக்கொள்வோம். உலர்ந்த தார்ச்சாலையில் நல்ல ஸ்போர்ட்ஸ் டயர், தன்மேல் இறங்கும் எடைக்கு ஏறக்குறையச் சமமான விசையைத் தரையில் செலுத்தும். நனைந்த சாலையில் அதில் ஏறக்குறையப் பாதி. அப்படியென்றால் 100 கி.மீ. வேகத்தில் பின்சக்கரங்கள் உலர்ந்த சாலையில் இறக்கக்கூடியது சுமார் 350 குதிரைத்திறன். ஈரத்தில் 175. முடுக்கும்போது எடை பின்னுக்குச் சாய்வதையும் சேர்த்தால் இது கொஞ்சம் கூடும், ஆனால் கணக்கின் போக்கு மாறாது. நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் காராக இருந்தால் ஈரத்தில் 290 வரை தேறும். அதே ஈரத்தில், அதே வேகத்தில், 120 குதிரைத்திறன் கொண்ட சாதாரணக் குடும்பக் கார் தன் பலம் முழுவதையும் தரையில் இறக்கிவிடும்.

ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில், சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்க்கும் நாட்களில் தூறல் விழுந்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வெயிலில் சுற்றுக்குச் சுற்று முந்திக்கொண்டு போன பெரிய கார்கள் வளைவிலிருந்து வெளியே வரும்போது தயங்குகின்றன. ஸ்டீயரிங் நேராகும் வரை ஆக்சிலரேட்டரில் காலை வைக்க முடிவதில்லை. புது டயர் போட்ட சின்னக் கார்கள் அவற்றின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வருகின்றன.

வளைவுகளில் வித்தியாசம் இன்னும் கூர்மை. 100 மீட்டர் ஆரம் உள்ள ஒரு வளைவை உலர்ந்த சாலையில் உச்சபட்சமாக 107 கி.மீ. வேகத்தில் கடக்கலாம் என்றால், நனைந்த சாலையில் 80-க்கே எல்லை வந்துவிடும். டயரிடம் இருக்கும் பிடிமானம் ஓர் அளவுதான். திரும்புவதற்குச் செலவானது போக மிச்சமிருப்பதைக் கொண்டுதான் முடுக்கவும் வேண்டும், பிரேக் பிடிக்கவும் வேண்டும். ஈரத்தில் அந்த மிச்சம் மிகச் சிறியது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் மழை நேரத்தில் ஏறும் ஒருவர், வளைவின் பாதியில் வலது காலைக் கொஞ்சம் அதிகமாக அழுத்தினாலும் பின்சக்கரம் சுழன்று வால் வெளியே வீசும். பயந்து காலைச் சட்டென்று எடுத்தாலும் அதேதான் நடக்கும்: எடை முன்னுக்குச் சாய்கிறது, பின்பக்கம் இலேசாகிறது. எஞ்சினைப் பின்னால் வைத்திருக்கும் கார்களில், வால் ஒருமுறை வீசத் தொடங்கினால் அந்தக் கனமே அதை மேலும் தள்ளும்.

பிரேக்கும் அப்படித்தான். 100 கி.மீ. வேகத்திலிருந்து உலர்ந்த சாலையில் 44 மீட்டரில் நிற்கும் கார், ஈரத்தில் 79 மீட்டர் எடுத்துக்கொள்ளும். காலைத் தூக்கிப் பிரேக்கில் வைக்கும் முன் கழியும் ஒரு வினாடியில் ஓடும் 28 மீட்டர் தனி. ஆறு பிஸ்டன் பிரேக், கார்பன் செராமிக் டிஸ்க் எல்லாம் திரும்பத் திரும்பப் பிரேக் பிடிக்கும்போது ஏறும் சூட்டைத் தாங்குவதற்காக வந்தவை. டயர் பிடிக்காத இடத்தில் அவற்றுக்கு வேலையே இல்லை.

சாலையில் தண்ணீர் தேங்கிவிட்டால் கதையே வேறு. 3 மில்லிமீட்டர் தண்ணீரில் 100 கி.மீ. வேகத்தில் போகும் 245 மில்லிமீட்டர் அகல டயர், ஒவ்வொரு வினாடியும் 20 லிட்டர் தண்ணீரை வழியிலிருந்து விலக்க வேண்டும். ஸ்போர்ட்ஸ் காரின் 305 மில்லிமீட்டர் டயருக்கு அது 25 லிட்டர். வெயிலில் பிடிமானத்தைக் கூட்டித் தந்த அதே அகலம் மழையில் சுமையாகிறது. விலக்க முடியாத தண்ணீர் டயருக்கு அடியில் ஆப்புப் போல நுழைந்து காரைத் தூக்குகிறது. 1960-களில் அமெரிக்காவில் விமானச் சக்கரங்களை வைத்து நடத்திய சோதனைகளில் கிடைத்த சூத்திரப்படி, 32 பி.எஸ்.ஐ. காற்றுள்ள டயர் 94 கி.மீ. வேகத்தில் மிதக்கத் தொடங்கும். பட்டன் (டயரின் வரிப்பள்ளம்) ஆழமாக இருந்தால் அந்த எல்லை தள்ளிப்போகும், தேய்ந்திருந்தால் முன்னதாகவே வரும். மிதக்கும் காருக்கு 600 குதிரைத்திறனும் ஒன்றுதான், 60 குதிரைத்திறனும் ஒன்றுதான்.

பந்தயக்காரர்களுக்கு இதெல்லாம் மனப்பாடம். ஃபார்முலா 1 மழை டயர் 300 கி.மீ. வேகத்தில் வினாடிக்கு 85 லிட்டர் தண்ணீரை வெளியே எறியும் என்கிறார்கள். அப்படிப்பட்ட டயர் இருந்தும் 2021-இல் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் கார்கள் பாதுகாப்புக் காருக்குப் பின்னால் சில சுற்றுகள் ஊர்ந்ததோடு பந்தயம் முடிந்தது. பாதிப் புள்ளிகளே வழங்கப்பட்டன. சென்னை தீவுத்திடலைச் சுற்றி 2023 டிசம்பரில் நடக்கவிருந்த இரவுப் பந்தயத்தை மிக்ஜாம் புயல் அடுத்த ஆண்டு ஆகஸ்டுக்குத் தள்ளிவிட்டது. மழைப் பந்தயத்தில் ஓட்டுநர்கள் வழக்கமான பாதையை விட்டு வெளிப்பக்கமாகப் போவதைப் பார்த்திருப்பீர்கள். வெயிலில் ரப்பர் படிந்து படிந்து பிடிமானம் தந்த பாதைதான் நனைந்ததும் அதிகம் வழுக்கும்.

அந்த வழுக்கல் நம் சாலையிலும் உண்டு. மாதக்கணக்கில் சிந்திய எண்ணெயும் ரப்பர் தூளும் ஐப்பசியின் முதல் தூறலில் ஊறி மேலே வரும். கொட்டித் தீர்க்கும் மழையைவிட அந்த முதல் சில நிமிடங்களை நினைத்துத்தான் எனக்கு அதிகம் கவலை. தண்ணீர் அதிகம் இல்லை என்று யாரும் வேகத்தைக் குறைப்பதில்லை.

எலக்ட்ரானிக்ஸ் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 2018 இறுதியில் அறிமுகமான ஒரு ஜெர்மானியக் கார், முன்சக்கரங்களின் அருகில் தெறிக்கும் நீரின் சத்தத்தைக் கேட்டே சாலை நனைந்திருப்பதைக் கண்டுபிடிக்கிறது. ஆனால் எந்தக் கம்ப்யூட்டரும் இருக்கும் பிடிமானத்தைப் பங்கு போட்டுத் தரும், இல்லாததை உண்டாக்காது.

பிடிமானம் வருவது டயரிலிருந்து. நம் ஊரில் இந்தக் கார்களின் டயர்கள் இருக்கும் நிலைதான் என்னை உறுத்துகிறது. இவை தினமும் அலுவலகம் போகும் வண்டிகள் அல்ல. ஞாயிறு விடியலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போய் வந்தால் அந்த வாரம் முடிந்தது. வருடத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். அதனால் ஏழெட்டு ஆண்டு ஆனாலும் பட்டன் புதிது போலவே தெரியும். சட்டம் கேட்பது 1.6 மில்லிமீட்டர் ஆழம், அதற்கு மேலேயே இருக்கும். உரிமையாளர் குனிந்து பார்த்துத் திருப்தியோடு நிமிர்ந்துவிடுகிறார். ரப்பரோ சூட்டிலும் காற்றிலும் இறுகிப் போயிருக்கும். இறுகிய ரப்பர் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் இறங்காது. உலர்ந்த சாலையில் இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது, ஏனென்றால் அங்கே பிடிமானம் தாராளம். ஈரத்தில்தான் தெரியும்.

பழைய கார்களை வாங்கி விற்கும் சந்தையில் இது இன்னும் மோசம். பெயின்ட்டையும் ஓடிய கிலோமீட்டரையும் சர்வீஸ் ரசீதையும் துருவித் துருவிப் பார்ப்பவர்கள் டயரின் வயதைக் கேட்பதே இல்லை. "எட்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு, கம்பெனி டயரே இருக்கு" என்பதைப் பெருமையாகச் சொல்லி விற்கிறார்கள். எனக்கு அது எச்சரிக்கையாகத்தான் கேட்கிறது. தடத்தில் ஓட்டுவதற்காகச் செய்த, வரிப்பள்ளமே அதிகம் இல்லாத அரை ஸ்லிக் டயரோடு அப்படிப்பட்ட கார் கைமாறினால், வாங்கியவர் முதல் மழையில் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறார் என்பது அவருக்கே தெரியாது.

2022-இல் நம் நாட்டிலும் டயர்களுக்கு ஈரப் பிடிமானத் தரம் கட்டாயம் என்று விதி வந்தது. நல்ல விதிதான், ஆனால் அது தொழிற்சாலையை விட்டு வெளியே வரும் டயருக்கு. ஏழாம் ஆண்டில் அந்த டயர் எப்படிப் பிடிக்கிறது என்று யாரும் சோதிப்பதில்லை. தகுதிச் சான்று தரும்போது பட்டனின் ஆழத்தோடு வயதையும் பார்க்க வேண்டும் என்று அழுத்தமாகவே சொல்வேன்.

அதுவரை உரிமையாளர்களே பார்க்கலாம். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3519 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 35-வது வாரத்தில் தயாரானது. ஐந்து ஆண்டு தாண்டியதை ஒவ்வொரு வருடமும் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் பத்தாண்டுக்கு மேல் கூடாது என்பது டயர் செய்பவர்களே சொல்லும் உச்சவரம்பு. நான்கையும் சேர்த்து மாற்றுவதே நல்லது. இரண்டுதான் இப்போது முடியும் என்றால், காரின் இயக்கம் முன்சக்கரமானாலும் பின்சக்கரமானாலும், புதிய ஜோடியைப் பின்னால் போடச் சொல்லுங்கள். கடைக்காரர் பழக்கத்தில் முன்னால் மாட்டிவிடுவார், பக்கத்திலேயே நின்று பாருங்கள்.