உங்களுக்குத் தெரியுமா? வயர்டு ரவுட்டர் வாங்கும் முன்...

வீட்டில் கேபிள் இழுத்து, ஸ்விட்ச் வைத்து, நெட்வொர்க்கை ஆசை ஆசையாகக் கட்டுகிறவர்கள் எல்லோரும் ஒருநாள் வந்து நிற்கும் கேள்வி: எந்த ரவுட்டர் வாங்குவது? அட்டைப்பெட்டியில் அச்சடித்த வேகத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். எல்லா வேலையையும் ஒன்றாகத் தலையில் ஏற்றினால் தாங்குமா என்று பாருங்கள்.

● ஒரே பெட்டிக்குள் நாலு பேர்

வழக்கமான வைஃபை ரவுட்டருக்குள் ரவுட்டர், ஸ்விட்ச், ஃபயர்வால், அக்சஸ் பாயின்ட் என நான்கு கருவிகள் குடியிருக்கின்றன. வயர்டு ரவுட்டரில் வைஃபை மட்டும் இருக்காது. அதைக் கூரையில் தனியாக மாட்டிக்கொள்ளலாம். புதுத் தலைமுறை வைஃபை வந்தால் அக்சஸ் பாயின்ட்டை மட்டும் மாற்றினால் போதும். ரவுட்டரும், நீங்கள் பார்த்துப் பார்த்து எழுதிய விதிகளும் அப்படியே இருக்கும்.

● தனிப்பெட்டி யோசனைக்கு வயது அறுபதை நெருங்குகிறது

இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டைத் திட்டமிட்டபோது, தகவலை அனுப்பி வாங்கும் வேலையைப் பெரிய கணினிகளின் மேல் சுமத்தாமல், அதற்கென்றே ஒரு சிறு கணினியை வைக்கலாம் என்று 1967-ல் சொன்னவர் வெஸ்லி கிளார்க். அப்படிப் பிறந்த ஐ.எம்.பி. என்ற பெட்டி 1969-ல் கலிஃபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்துக்கு வந்து இறங்கியது. ரவுட்டர் பரம்பரைக்கு அதுதான் மூத்த பாட்டன்.

● மூட்டை வேறு, பொட்டலம் வேறு

ஒரு மூட்டை அரிசியை அப்படியே தூக்கித் தருவது சுலபம். அதையே நூறு நூறு கிராம் பொட்டலமாகக் கட்டித் தரச் சொன்னால் மளிகைக் கடைக்காரர் திணறுவார். ரவுட்டரும் அப்படித்தான். 1 ஜிகாபிட் இணைப்பு 1518 பைட் அளவுள்ள பெரிய பாக்கெட்டுகளால் நிறைந்தால் நொடிக்குச் சுமார் 81,000 பாக்கெட்டுகளைப் பார்த்து அனுப்ப வேண்டும். 64 பைட் பாக்கெட்டுகளாக வந்தால் அதுவே சுமார் 14.88 லட்சம்! விளம்பரத்தில் பெரிதாகத் தெரியும் எண் பெரும்பாலும் மூட்டைக் கணக்குத்தான்.

● எந்த வரியைப் படிப்பது?

லாத்வியாவின் மைக்ரோடிக் நிறுவனம் தன் ரவுட்டர்களின் சோதனை முடிவுகளை அட்டவணையாகவே வெளியிடுகிறது. 64, 512, 1518 பைட் பாக்கெட்டுகளுக்குத் தனித்தனி எண்கள் இருக்கும். விதி எதுவும் இல்லாதபோது எவ்வளவு, 25 ஃபயர்வால் விதிகள் போட்டபின் எவ்வளவு என்றும் இருக்கும். உங்கள் வீட்டு நிலைமைக்கு நெருக்கமானது, விதிகளோடு கூடிய 512 பைட் வரி. கண் முதலில் போக வேண்டியது அங்கேதான்.

● ஒரு பட்டனில் வேகம் விழும்

விலை குறைந்த ரவுட்டர்கள் பல, ஹார்டுவேர் ஆஃப்லோடு என்ற குறுக்குவழியால்தான் ஜிகாபிட்டைத் தொடுகின்றன. பாக்கெட்டுகள் ப்ராசஸரை எட்டாமலே சிப் வழியாகப் போய்விடும். ஆனால் பாக்கெட்டுகளின் வரிசையை ஒழுங்குபடுத்தும் வசதியை ஆன் செய்தால் ஒவ்வொரு பாக்கெட்டும் ப்ராசஸரிடம் வந்தாக வேண்டும். அப்போது வேகம் பாதிக்கும் கீழே இறங்கக்கூடும். அந்த வசதி ஆன் ஆகியிருக்கும்போது கிடைக்கும் வேகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

● நெட் வேகமாக இருந்தும் பேச்சு ஏன் திக்குகிறது?

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். கணினியில் பிங் ஓடவிடுங்கள். 20 மில்லி நொடி என்று காட்டுகிறதா? இப்போது போனிலிருந்து ஒரு பெரிய வீடியோவை அப்லோடு செய்யுங்கள். பிங் 300, 400 என்று ஏறினால் அதன் பெயர் பஃபர்புளோட். வரிசையில் முன்னால் நிற்கும் ஒருவர் பத்து ரேஷன் கார்டுகளை நீட்டினால் பின்னால் நிற்பவர் கதி என்ன ஆகும்? உங்கள் வீடியோ அழைப்புக்கும் அதே கதிதான். இன்னும் வேகமான பிளானுக்கு மாறினாலும் இந்தத் தொல்லை தீராமல் போகலாம்.

● மருந்து இருக்கிறது

காத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-ல் வெளியிட்ட கோடெல் என்ற முறை, ஒரு பாக்கெட் வரிசையில் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று அளக்கிறது. காத்திருப்பு 5 மில்லி நொடிக்குக் குறையாமல் நீடித்தால், சில பாக்கெட்டுகளைக் கைவிட்டு, அனுப்புபவரை நிதானிக்க வைக்கிறது. எஃப்க்யூ-கோடெல், கேக் ஆகியவை இதன் வழிவந்தவை. ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை போட்டு, சின்ன வேலைக்காரரை முதலில் அனுப்பிவிடும். ரவுட்டரில் வேக வரம்பை உங்கள் லைன் வேகத்தில் 90 முதல் 95 சதவீதமாக வைத்தால்தான் இது பலிக்கும்.

● எட்டில் ஒன்று அறுந்தால்

ஜிகாபிட் ஓட கேபிளின் எட்டுக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு நாலே போதும். ரவுட்டர் புதிது, பிளான் பெரியது, ஆனாலும் வேகம் 94, 95-ஐத் தாண்டவில்லையா? கிரிம்ப் செய்த முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எட்டு நிறக் கம்பிகளும் கண்ணாடி பிளக்கின் நுனி வரை வந்திருக்க வேண்டும். ஒன்று பின்வாங்கி நின்றாலும் அதுதான் குற்றவாளி.

● பழைய கேபிளைப் பிடுங்க வேண்டாம்

2016-ல் வந்த 2.5 ஜிகாபிட் தரம், சுவருக்குள் ஏற்கெனவே ஓடும் கேட் 5இ கேபிளிலேயே 100 மீட்டர் வரை போகும். 10 ஜிகாபிட் வேண்டும் என்றால் கேட் 6 கேபிளில் 55 மீட்டர் வரைதான். 100 மீட்டருக்குக் கேட் 6ஏ தேவை.

● எட்டு பைட் வாடகை

யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்கும் ஃபைபர் இணைப்புகள் பெரும்பாலும் பிபிபிஓஇ வகை. ஒவ்வொரு பாக்கெட்டிலும் 8 பைட் அதற்கே போய்விடுவதால் 1500 பைட் இடம் 1492 ஆகச் சுருங்கும். சில ரவுட்டர் மென்பொருள்களில் இந்த வேலை முழுவதும் ஒரே கோர் தலையில் விழும். அப்போது கோர்களின் எண்ணிக்கையைவிட ஒரு கோரின் வேகமே முக்கியம்.

● உங்கள் ஐபி உங்களுடையதா?

ரவுட்டரின் வேன் முகவரி, அதாவது இணையப் பக்கம் உள்ள முகவரி, 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால், ஒரே பொது முகவரியைப் பல வீடுகளோடு பகிர்கிறீர்கள். வெளியூரிலிருந்து வீட்டுக் கேமராவுக்கு நேரடியாக வி.பி.என். போட ஐபிவி4 வழியாக முடியாது. இதை எந்த விலையுயர்ந்த ரவுட்டரும் தீர்க்காது. சேவை நிறுவனத்திடம் பொது ஐபி கேளுங்கள்.

● கரண்ட் பில்லும் விலைதான்

10 வாட் ரவுட்டர் வருடம் முழுக்க ஓடினால் சுமார் 88 யூனிட். சும்மா கிடக்கிறதே என்று 60 வாட் இழுக்கும் பழைய கம்ப்யூட்டரை ரவுட்டராக்கினால் சுமார் 526 யூனிட்.

● இடி மின்னலுக்கு அஞ்சாத கம்பி

தோட்ட வீட்டுக்கோ பக்கத்துக் கட்டடத்துக்கோ இணைப்பு வேண்டுமா? எஸ்எஃப்பி போர்ட் உள்ள ரவுட்டராக வாங்கி, உலோகக் கம்பி சேராத ஃபைபரை இழுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. செம்புக் கேபிளோ மின்னலின் அதிர்ச்சியை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும்.

● அப்டேட் நின்றால் ஆயுள் முடிந்தது

2018-ல் வி.பி.என்.ஃபில்டர் என்ற தீநிரல் 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் கருவிகளைப் பிடித்தது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் இருந்த ரவுட்டர்கள். பணம் கொடுக்கும் முன் அந்த மாடலுக்குக் கடைசியாக எப்போது அப்டேட் வந்தது என்று தேடிப் பாருங்கள். ஒரு வருடமாக எதுவும் வரவில்லை என்றால் பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம்.

● வாங்கிய அன்றே ஒரு பரீட்சை

ராத்திரி 9 மணிக்கு வைத்துப் பாருங்கள். ஹாலில் படம் ஓடட்டும், ஒரு அறையில் கேம் டவுன்லோடு ஆகட்டும், இன்னொரு போனில் போட்டோக்கள் பேக்கப் ஆகட்டும். அந்த நேரத்தில் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையை வீடியோவில் அழைத்துப் பேசுங்கள். குரல் உடையாமல் கேட்டால் நீங்கள் தேர்ந்தெடுத்தது நல்ல ரவுட்டர்.