ஓடத்தில் போய்ப் பார்த்த கொலு

நவராத்திரி நெருங்கி, பரணிலிருந்து பொம்மைப் பெட்டியை இறக்குகிற நாளில் எங்கள் வீட்டில் ஒரு படகுக் கதை கட்டாயம் வந்துவிடும். காவிரியில் ஓடின படகு இல்லை. கலிஃபோர்னியாவில் ஆனஹைம் என்ற ஊரில், டிஸ்னிலாண்டுக்குள்ளே ஓடுகிற படகு. 'இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்' என்று பெயர். பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவில் இருந்தால் உங்களில் சிலரும் ஏறியிருப்பீர்கள். ஏறாதவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

1981-ம் வருஷம். லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் ஒரு சின்னக் குடியிருப்பில் நான், என் கணவர், நாலு வயசுப் பையன். அந்த மார்ச் மாதம் கும்பகோணத்தில் மாமனார் காலமானார். "வருஷம் திரும்பட்டுமே" என்று உறவில் சிலர் சொல்லியும், அம்மாவைத் தனியாக விட்டு வர என் கணவருக்கு மனசில்லை. செப்டம்பரில் கையோடு அழைத்து வந்துவிட்டார்.

வந்த மாமியார் பேசுவதையே விட்டுவிட்டார். சமைத்தால் சாப்பிடுவார், கேட்டால் பதில் சொல்வார், அவ்வளவுதான். நாற்பது வருஷம் ஒன்பது படி கொலு வைத்த கை அது. அந்த வருஷம் பண்டிகை கிடையாது. அது போகட்டும், இனிமேல் எந்த வருஷமும் தனக்குக் கொலு இல்லை என்று அவரே முடிவு கட்டியிருந்தார். மஞ்சள் குங்குமம் கொடுக்க முடியாதவளுக்குக் கொலு எதற்கு என்பது அவர் கணக்கு. படி, பொம்மை எல்லாவற்றையும் ஓரகத்தி பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு, மரப்பாச்சி ஜோடியை மட்டும் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டியில் கொண்டு வந்திருந்தார். எனக்கு அது வருத்தமாக இருந்ததா? உண்மையைச் சொல்கிறேன். இந்தச் சின்ன வீட்டில் படி கட்ட வேண்டாமே என்று ஒரு நிம்மதிதான் முதலில் வந்தது. அப்போது எனக்கு இருபத்தேழு வயசு!

நவராத்திரி நடுவில் ஒரு சனிக்கிழமை. பையன் அடம் பிடித்ததால் எல்லோரும் டிஸ்னிலாண்ட் கிளம்பினோம். "நான் எதுக்குடீ அங்கெல்லாம்?" என்று சொல்லிக்கொண்டேதான் மாமியார் காரில் ஏறினார்.

அந்த நாளில் அங்கே ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித் தனிச் சீட்டு. ஏ, பி, சி, டி, ஈ என்று தரம் பிரித்து ஒரு சின்னப் புத்தகமாகத் தருவார்கள். ஏ மலிவு, ஈ தான் உசத்தி. ஈ சீட்டைப் பார்த்துப் பார்த்து, ரேஷன் சர்க்கரை மாதிரி செலவு செய்யணும்! (1982-ல் புத்தகத்தையே எடுத்துவிட்டு, ஒரே நுழைவுச் சீட்டாக்கிவிட்டார்கள்.) இந்தப் படகுக்கு ஈ சீட்டு. கணவரோ தன் ஈ சீட்டை இருட்டில் தலைதெறிக்க ஓடும் ஸ்பேஸ் மவுண்டனுக்கு எடுத்து வைத்திருந்தார். 'அம்மா உட்கார்ந்து வரக்கூடிய விளையாட்டு இது ஒன்றுதான்' என்று எங்களை மட்டும் வரிசையில் நிற்க வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வாசலில் அட்டையை வெட்டி ஒட்டினாற்போல் கோபுரங்கள். நடுவில் சிரித்த முகத்தோடு ஒரு பெரிய கடிகாரம். கால் மணிக்கு ஒருமுறை அதன் கதவு திறந்து பொம்மைகள் ஊர்வலம் வரும். வெளியில் செடிகளை யானை, ஒட்டகச்சிவிங்கி என்று வெட்டி விட்டிருக்கிறார்கள். படகில் பெஞ்சு பெஞ்சாக உட்கார வேண்டும். படகுக்கு மோட்டார் கிடையாது, துடுப்பும் கிடையாது. பம்பு தண்ணீரைத் தள்ளுகிறது, தண்ணீர் படகைத் தள்ளுகிறது. ஆடாமல் அலுங்காமல், தொட்டில் மாதிரிப் போகும்.

உள்ளே நுழைந்ததும் இரண்டு பக்கமும் குழந்தைப் பொம்மைகள்! நூற்றுக்கணக்கில். பனியில் சறுக்குகிற குழந்தைகள், மரச் செருப்புப் போட்ட டச்சுப் பெண்கள், பாவாடையைத் தூக்கி ஆடுகிற பாரிஸ் நாட்டியக்காரிகள், ஹவாய்ப் பெண்கள் எல்லோரும் ஒரே மெட்டைப் பாடுகிறார்கள். ஆசியாப் பகுதி வந்தது. புடவை கட்டின பொம்மைகளைக் கண்டு பையன் கூச்சலிட்டான். மாமியார் என் கையை அழுத்திப் பிடித்தார்.

"ஏன்டீ, இது கொலுன்னா! ஓடத்துல உக்காந்துண்டு பாக்கற கொலு!"

ஒரு மாசத்தில் அவர் வாயிலிருந்து தானாக வந்த முதல் வாக்கியம்.

அப்புறம் நிற்கவில்லை. "முகத்தைப் பாரேன், எல்லாம் ஒரே அச்சு. துணியை மாத்தி மாத்திக் கட்டியே இத்தனை தேசம் பண்ணிட்டா." அவர் சொன்னது சரிதான் என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். பொம்மைகள் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே முக அச்சு. நிறமும் உடையும்தான் வேறு வேறு.

கடைசியில் ஒரு பெரிய கூடம். அங்கே எல்லா தேசத்துக் குழந்தைகளும் வெள்ளை உடுத்தியிருக்கின்றன. ஆட்டமும் பாட்டும் மட்டும் அப்படியே. மாமியார் அங்கேதான் மௌனமானார். படகு வெளிச்சத்துக்கு வந்த பிறகு, "வெள்ளை கட்டிண்டும் சிரிச்சுண்டுதான் இருக்குகள்" என்றார். நான் பையனுக்கு ஸ்வெட்டர் போடுவது போல் குனிந்துகொண்டேன்.

இறங்கினதும், "இன்னொரு தரம் போகலாமா?" என்று கேட்டார். தன் புத்தகத்திலிருந்த ஈ சீட்டு அத்தனையையும் அந்த ஒரே படகுக்குக் கொடுத்துத் தீர்த்தார். நாலாவது தடவைக்கு என் சீட்டையும் கிழித்துக் கொடுத்தேன். திரும்பி வந்த கணவர் எங்களைத் தேடி அலைந்து, கோபத்தோடு வந்தவர், அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேசாமல் இருந்துவிட்டார். ஆனால் ஒரு வாரம் குளிக்கிற அறையிலிருந்து அந்த மெட்டுதான் கேட்டது. ஒருமுறை காதில் ஏறினால் அது இறங்காது, பயப்படாதீர்கள்!

இந்தப் படகு பிறந்த கதை தனி. 1964-ல் நியூயார்க்கில் நடந்த உலகக் கண்காட்சிக்காக, ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியான யூனிசெஃப்புக்கு உதவியாக, பெப்சி கம்பெனி செலவில் வால்ட் டிஸ்னி செய்து கொடுத்தது. ஒரு வருஷத்துக்கும் குறைந்த அவகாசம். முதலில் ஒவ்வொரு தேசத்துப் பொம்மையும் தன் தேசிய கீதத்தைப் பாடட்டும் என்றார்களாம். ஒரே நேரத்தில் பாடவிட்டால் சந்தைக்கடை! அதனால் ஷெர்மன் சகோதரர்களிடம் சொல்லி ஒரே பாட்டாக எழுத வைத்தார்கள். கண்காட்சி 1965-ல் முடிந்தது. அதே வருஷம் யூனிசெஃப்புக்கு சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. படகு ஆனஹைமுக்கு வந்து 1966 மே 28-ல் ஓட ஆரம்பித்தது.

நிறங்களையும் தோற்றத்தையும் அமைத்தவர் மேரி பிளேர் என்ற ஓவியர். உடைகள் ஆலிஸ் டேவிஸ் என்ற அம்மாளின் பொறுப்பு. பாரிஸ் நாட்டியப் பொம்மைகளுக்கு அவர் கணுக்கால் வரை நீளமான உள்ளாடை தைத்துவிட்டாராம். "ஏன் இவ்வளவு நீளம்?" என்று டிஸ்னி கேட்க, "குடும்பத்தோடு பார்க்கிற காட்சி என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?" என்றாராம். இதை மாமியாரிடம் சொன்னபோது புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

அன்று ராத்திரியே என்னிடம் வெட்டின துணி இருக்கிறதா என்று கேட்டார். என் பழைய ரவிக்கைத் துண்டும் பையனின் கிழிந்த சட்டையும் கொடுத்தேன். மரப்பாச்சிப் பெண்ணுக்கு ஹாலந்து நாட்டுக் குல்லாய், ஆணுக்கு லண்டன் காவல்காரன் சட்டை! விரற்கடை அகலத்துக்குள் பூத்தையல். ஊரில் யாராவது பார்த்திருந்தால் கன்னத்தில் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

மறு வருஷம் எங்கள் வீட்டில் மூன்று படி கொலு. படி, புத்தக அலமாரிப் பலகைகள். வைத்தது நான், பொம்மைகளை உடுத்தி நிறுத்தினது அவர். வந்தவர்களுக்குக் குங்குமம் நான் கொடுத்தேன். அவர் உள்ளறையில் சுண்டலைக் கிண்ணங்களில் போட்டுக்கொண்டிருந்தார். 'நீங்களும் வந்து தாம்பூலம் கொடுங்கள் அம்மா' என்று கூப்பிட எனக்குத் தைரியம் வர இன்னும் மூன்று வருஷம் ஆயிற்று. கூப்பிட்டதும் மறுக்காமல் வந்தார். அதை நினைத்தால் அந்த மூன்று வருஷம் இன்றும் உறுத்துகிறது. 1996-ல் அவர் காலமானார்.

2008-ல் அந்தப் படகை மூடி, வாய்க்காலைப் புதுப்பித்து, அதே வருஷக் கடைசியில் திறந்தார்கள். ஏறுகிறவர்களின் எடை கூடிப் போனதால் படகு தரை தட்டுகிறது என்று பத்திரிகைகள் கிண்டலாக எழுதின. நம் இடுப்பளவையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம், தப்பில்லை.

2023-ல் பேத்தியோடு போனேன். அவளுக்கு ஐந்து வயசு. தண்ணீர், மெட்டு, சிரிக்கிற கடிகாரம் எல்லாம் இருந்தன. புதிதாகச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்த பொம்மைகளும் இருந்தன. 2022 கடைசியில் சேர்த்தார்களாம். பேத்தி அதையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "பாட்டி, நம்ம மரப்பாச்சிக்கும் ஒண்ணு பண்ணலாமா?" என்றாள்.

முதலில் தீப்பெட்டியில் செய்து பார்த்தேன், நிற்கவில்லை. இந்த வருஷம் ஐஸ்குச்சியை ஒட்டி, இரண்டு பெரிய கோட்டுப் பொத்தான் வைத்திருக்கிறேன். சக்கரம் நிஜமாகவே சுற்ற வேண்டும் என்பது அவள் கண்டிப்பு. பொத்தான் ஓட்டையில் ஊசியைச் செருகிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.