அடியில போய்ப் பாத்தியளா?

"அத்தான், வண்டி சூப்பர்! அஞ்சு வருசம்தான் ஓடியிருக்கு. ஒரே ஓனர். புதுப் பெயின்ட். புதன்கிழமைக்குள்ள அட்வான்ஸ் குடுக்கணும்" என்று மச்சினன் வந்து நின்றான். என் மனைவி ஒன்றும் பேசாமல் தன் கழுத்துச் சங்கிலியைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். அட்வான்ஸ் எங்கிருந்து வரப்போகிறது என்பது எனக்கு உடனே புரிந்துவிட்டது.

நான் தூத்துக்குடியில் ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் குமாஸ்தா. கன்டெய்னர்களைப் பேப்பரில் ஏற்றி, பேப்பரிலேயே இறக்குகிறவன். நிஜத்தில் ஓட்டிய ஆகப்பெரிய வாகனம் டி.வி.எஸ். ஃபிஃப்டி. ஆனாலும், வேலை போய் நான்கு மாதமாக வீட்டிலிருக்கும் தம்பியின் எதிர்காலத்தையும் ஐந்து பவுன் சங்கிலியையும் மனைவி என் தலையில்தான் கட்டினாள். "நாலு பேர்ட்ட விசாரிச்சிட்டு வந்து சொல்லுங்க!"

விசாரித்தேன்.

முதலில் மார்க்கெட் பக்கம் ஒரு பலசரக்கு அண்ணாச்சி. அவரிடம் இருப்பது டாடா ஏஸ். 2005-ல் வந்த வண்டி. இரண்டே சிலிண்டர், 16 குதிரைசக்தி, முக்கால் டன் பாரம். ஊர் அதற்கு வைத்த பெயர்தான் 'குட்டி யானை'.

"வே, சந்துல நுழையுததுல இத அடிச்சுக்க ஆள் கிடையாது. மைலேஜ் இருவத்தஞ்சு!"

பின்னால் நின்ற டிரைவர் பலமாக இருமினார்.

"சரி... இருவதுன்னு வச்சுக்கிடும்."

மறுபடியும் இருமல். அண்ணாச்சி பேச்சை மாற்றிவிட்டார்.

அடுத்தவர் உப்பு லோடு அடிப்பவர். கையில் தோஸ்த். அசோக் லேலண்ட், நிஸானுடன் கூட்டுச் சேர்ந்து 2011-ல் இறக்கிய வண்டி. கம்பெனி சொன்ன பாரம் ஒன்றேகால் டன். "நம்ம ரெண்டு டன் ஏத்துதோம்லா" என்று மீசையைத் தடவினார். பிறகு நம் பக்கம் குனிந்து, ரகசியக் குரலில் ஒரு நல்ல வார்த்தையும் சொன்னார்.

"வண்டியப் பாக்காதிய சார், லோடப் பாருங்க. ஐப்பசி, கார்த்திகையில மழை பேஞ்சா உப்பளம் குளமாயிரும். மீன் லோடுன்னா ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த 61 நாளும் தவணைக்காரன் மட்டும் லீவு எடுக்க மாட்டான்!"

குறித்துக்கொண்டேன். லைசென்ஸ், பெர்மிட் விஷயத்தையும் ஆபீஸில் கேட்டு வைத்தேன். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் சாதாரண இலகுரக வாகன லைசென்ஸே போதும் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னதை, 2024-ல் அரசியல் சாசன அமர்வும் உறுதி செய்திருக்கிறது. வண்டியும் பாரமும் சேர்த்து 3,000 கிலோவைத் தாண்டாவிட்டால் பெர்மிட்டும் வேண்டாம். முதல் 8 வருடம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி., அதற்குப் பிறகு வருடா வருடம்.

ஒரு கன்டெய்னரையே நேரில் பார்த்துவிட்ட பெருமிதத்தோடு தெரேஸ்புரம் போனேன். அங்கே மீன் ஏற்றும் பொலேரோ பிக்கப் ஒன்று கழுவல் சோப்பில் நின்றுகொண்டிருந்தது. அதன் உரிமையாளர் நான் விசாரித்ததையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அடியில போய்ப் பாத்தியளா?"

"எங்கே?"

"வண்டிக்கு அடியில! எஞ்சின் போச்சுன்னா வேற மாத்தலாம். கியர் பாக்ஸ் போச்சுன்னா பிரிச்சு வேலை பாக்கலாம். சேஸ் அரிச்சுப் போச்சுன்னா என்னத்தச் செய்விய? இங்க வண்டியக் கொல்லுதது ஓட்டம் இல்ல சார், காத்து!"

அவர் சொன்னது பள்ளிக்கூடப் பாடம்தான். இரும்பு, ஈரம், காற்று மூன்றும் கூடினால் துரு. நாலாவதாக உப்பு சேர்ந்தால் அது நாலு கால் பாய்ச்சல். எங்கள் ஊரில் நாலுக்கும் பஞ்சமில்லை. மீன் பெட்டியிலிருந்து உருகி வடியும் ஐஸ் தண்ணீர், சாக்கிலிருந்து சிந்தும் உப்பு, போதாததற்குக் கடல் காற்று!

சரி, இது நம் ஊர் வியாதி என்றுதானே நினைப்பீர்கள்? அமெரிக்காவிலும் இதே கதை. குளிர்காலத்தில் பனியை உருக்க அங்கே ரோட்டிலேயே உப்பைக் கொட்டுகிறார்கள். சேஸ் துருப்பிடித்த வழக்கில் டகோமா, டன்ட்ரா என்று சுமார் 15 லட்சம் வண்டிகளைச் சோதித்து, தேவைப்பட்டால் சேஸையே மாற்றித்தர டொயோட்டா 2016-ல் சமரசத்துக்கு வந்தது. ஃபோர்டு எஃப்-150 என்று ஒரு ராட்சசன் இருக்கிறது. கிட்டத்தட்ட 6 மீட்டர் நீளம். எங்கள் தெருவில் அது திரும்ப வேண்டுமானால் இரண்டு வீட்டுத் திண்ணையை இடிக்க வேண்டும். சுமப்பதோ ஏறக்குறைய நம் தோஸ்த் சுமக்கிற அளவுதான்! அதற்கு 2015 மாடலிலிருந்து உடம்பு அலுமினியம். அடியில் இருக்கும் சேஸ் மட்டும் இன்னும் எஃகுதான். ஆக, டெட்ராய்ட்டானாலும் தெரேஸ்புரமானாலும் குனிந்துதான் பார்க்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், ஆபீஸ் பேன்ட்டோடு, பையில் ஒரு ஸ்க்ரூடிரைவரோடு போனேன். வண்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி மின்னியது. மச்சினன் முகமும்தான். எனக்கு அந்தக் காலத்து முத்துக்குளிப்பு ஞாபகம் வந்தது. இந்தக் கடலில் 1961-ல்தான் கடைசியாக முத்துக் குளித்தார்கள். சிப்பியைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்களாம். உள்ளே முத்து இருந்தால் எடுத்தவனுக்கு யோகம். இல்லாவிட்டால் நாற்றம்தான் மிச்சம். செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்குவதும் அப்படித்தான். ஒரே வித்தியாசம், இந்தச் சிப்பியைக் குத்திப் பார்க்கலாம்.

தரையில் படுத்து உள்ளே நகர்ந்தேன்.

"சார், வண்டியப் பாக்கச் சொன்னா படுத்துத் தூங்குதிய?" என்றார் புரோக்கர்.

முன்பக்கம் தட்டினேன். 'டங்' என்றது. நல்ல இரும்பு. பின்பக்கம் தட்டினேன். 'டொப்' என்றது. புதிதாகப் பூசிய கறுப்புப் பூச்சு அப்பளம் மாதிரி உடைந்து என் முகத்தில் விழுந்தது. ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன். சேஸுக்குள் அரை அங்குலம் இறங்கி, அங்கேயே நின்றது.

"கடக்கரை வண்டின்னா இதெல்லாம் சகஜம் சார்" என்றார் புரோக்கர்.

"எங்க வீட்டுல சங்கிலி சகஜம் இல்லையே!" என்றேன்.

மச்சினனும் குனிந்து பார்த்தான். திரும்பி வரும்போது வழியெல்லாம் பேசவில்லை. தெருமுனை வந்ததும், "தெரியாம வாங்கியிருப்பேன் அத்தான்" என்றான். அந்தக் குரலைக் கேட்டதும் என் பேன்ட் பாழானது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

அவசரப்படாமல், மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூன் கடைசியில் தவணையில் ஒரு புதுக் குட்டி யானை எடுத்தான். வாங்கும் முன்பே பலசரக்கு லோடு இரண்டு கடையில் பேசிவைத்தான். ராத்திரி எத்தனை மணிக்கு வந்தாலும் நல்ல தண்ணீர் விட்டு அடிப்பாகத்தைக் கழுவாமல் படுக்க மாட்டான். "குடிதண்ணிக் குடம் காலியாகுது, யானை குளிக்குதாம்!" என்று மனைவி திட்டுவாள். சங்கிலி அவள் கழுத்தில்தான் இருக்கிறது.

போன மாதம் அவனுக்குத் தருவைகுளத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணின் அப்பா படகு வைத்திருப்பவர். வாசலில் செருப்பைக் கழற்றியவர், உள்ளே வராமல் நேராக வண்டியருகே போனார். வேட்டியை மடித்துக் கட்டி, குனிந்து, அடியில் எட்டிப் பார்த்தார். விரலால் சேஸைத் தேய்த்து மோந்தும் பார்த்தார். எங்கள் எல்லோருக்கும் மூச்சு நின்றுவிட்டது.

நிமிர்ந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"சுத்தமா வச்சிருக்காரு. காப்பி குடுங்க, பேசுவோம்!"