மைனஸ் 30 டிகிரியில் ரயிலை வீடியோ எடுக்கணுமா? முதல்ல ஒரு ஜிப் கவர் வாங்குங்க!

வெள்ளை வெளேர்னு பனிமலை. அதில் மூச்சிரைக்க ஏறிவரும் இரண்டு கறுப்பு நீராவி இன்ஜின்கள். வானத்தையே மறைக்கும் வெண்புகை. யூடியூபில் 'ஜிங்பெங் கணவாய்' வீடியோக்களைப் பார்த்தால் அசந்துபோவீர்கள்.

சீனாவின் உள் மங்கோலியாவில் இருக்கும் இந்தக் கணவாய் வழியாகத்தான் 945 கி.மீ நீளமுள்ள ஜிடோங் ரயில் பாதை போகிறது. 2005 வரை இங்கே சரக்கு ரயில்களை இழுத்தவை நீராவி இன்ஜின்கள். அதைப் படமெடுக்க உலகம் முழுக்க இருந்து ரயில் ரசிகர்கள் வந்தார்கள். அதுவும் மைனஸ் 20, 30 டிகிரி குளிரில்!

ஏன் குளிர்காலம்? வெயில் காலத்தில் நீராவி சட்டென்று காற்றில் கரைந்துவிடும். குளிர்ந்த காற்றிலோ குட்டிக் குட்டி நீர்த்துளிகளாகி மேகம் மாதிரி நிற்கும். மார்கழிக் காலையில் டீ கிளாஸில் ஆவி பறக்குமே, அதே கதைதான்.

ஆனால், படத்தை அழகாக்கும் அதே குளிர்தான் கேமராவைக் கொல்லும். லித்தியம் பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினை குளிரில் மந்தமாகிவிடும். 60% சார்ஜ் காட்டும் போன், மணிக்கணக்கில் காத்திருந்த ரயில் வரும் நேரம் பார்த்து பொசுக்கென்று அணைந்துபோகலாம். ஐபோனை 0 முதல் 35 டிகிரி வரை பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். அதனால் ரயில் தூரத்தில் தெரியும்வரை போனும் ஸ்பேர் பேட்டரியும் சட்டைக்குள், உடம்போடு ஒட்டி இருக்கட்டும். லென்ஸை வாயால் ஊதித் துடைக்காதீங்க. மூச்சு அங்கேயே உறைஞ்சிடும். (ஃபிலிம் காலத்தில் இன்னும் பாவம். குளிரில் ஃபிலிமே ஒடிந்துபோகும்!)

பெரிய ஆபத்து, ரூமுக்குத் திரும்பும்போதுதான். ஹீட்டர் போட்ட அறைக்குள் ஜில்லிட்ட கேமரா நுழைந்ததும், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் மாதிரி அதன் மேல் தண்ணீர் முத்து முத்தாகக் கோக்கும். உள்ளேயும் இறங்கினால் செலவு பெரிசு. வெளியில் நிற்கும்போதே ஜிப் கவரில் போட்டு, காற்றுப் புகாமல் மூடிவிடுங்கள். தண்ணீர் கவர் மேலேயே நின்றுவிடும். இரண்டு மணி நேரமாவது திறக்கக் கூடாது. வீடியோவைப் பார்க்கக் கை அரிக்கும்தான். கேமரா என்றால், மெமரி கார்டை வெளியிலேயே கழற்றி பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரியில் காஷ்மீரின் பனிஹால் - பாரமுல்லா ரயிலை எடுக்கப் போகிறவர்களுக்கும் இதேதான். கூடவே ஒண்ணு: குல்லா காதை மூடியிருக்கும், பனியும் சத்தத்தை அமுக்கிவிடும். ரயில் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரியும். தண்டவாளத்தைவிட்டுத் தள்ளியே நில்லுங்க.