எண் பெரிதானால் பார்வை பெரிதாகுமா?

மாலை மயங்கும் நேரம். ஜெர்மனியில் காட்டை ஒட்டிய ஒரு மக்காச்சோளக் கொல்லை. இருட்டியதும் காட்டுப்பன்றிகள் வந்து பயிரை நாசமாக்கிவிடும். நம் ஊர்க் கொல்லைகளில் காவலுக்குக் கட்டுவார்களே, அதைப் போன்ற ஒரு மரப்பரண்மீது உரிமம் பெற்ற வேட்டைக்காரர் ஒருவர் காத்திருக்கிறார். 200 மீட்டருக்கு அப்பால் ஏதோ அசைகிறது. பன்றியா? குட்டிகளுடன் வரும் தாய்ப்பன்றியா? அதைச் சுட அங்கே சட்டம் இடம் தராது. அல்லது, குனிந்து எதையோ தேடும் மனிதரா?

துப்பாக்கியின்மேல்தான் தொலைநோக்கி பொருத்தியிருக்கிறதே, அதிலேயே பார்க்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கூடாது. அதில் பார்க்க வேண்டுமானால் துப்பாக்கிக் குழலை அந்த உருவத்தை நோக்கித் திருப்ப வேண்டும். அங்கே நிற்பவர் மனிதரானால்? ஆகவே முதலில் பைனாகுலர், பிறகுதான் துப்பாக்கி. (நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1991-இல் வந்த திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. பறவை பார்ப்பவர்களுக்கும் இதே கணக்குதான்.)

அவர் எதை வாங்குவது? கடையில் 20 × 50 என்று ஒன்றும், 8 × 56 என்று ஒன்றும் இருப்பதாகக் கொள்வோம். முதல் எண் உருப்பெருக்கம். இரண்டாவது, பொருளருகு வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். 20 மடங்கு இருக்க 8 மடங்கை யார் வாங்குவார்? மாணவப் பருவத்தில் நானும் அப்படித்தான் எண்ணினேன். சேர்த்துவைத்த பணத்தில் 20 மடங்குக் கருவி ஒன்றை வாங்கி, வியாழனின் நிலாக்களைக் காண மொட்டை மாடிக்கு ஏறினேன். வியாழன் ஓரிடத்தில் நின்றால்தானே! ஒளிரும் புழுவைப்போல நெளிந்துகொண்டே இருந்தது. கை நடுக்கமும் 20 மடங்கு பெருகும் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அதைவிட முக்கியமானது ஒரு வகுத்தல் கணக்கு. இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்துப் பாருங்கள். ஒன்றுக்கு 2.5, மற்றதற்கு 7. கண்ணருகு வில்லையிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் விட்டம் இது, மில்லிமீட்டரில். நண்பகலில் நம் கண்பாவை 2 அல்லது 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கியிருக்கும். அப்போது இரண்டு கருவிகளும் ஏறக்குறைய ஒரே வெளிச்சத்தில்தான் காட்டும். இருட்டிலோ, இளைஞர்களின் கண்பாவை 7 மி.மீ. வரை விரியும். கதவு அவ்வளவு அகலமாகத் திறந்திருக்க, உள்ளே வருவது 2.5 மி.மீ. கற்றை! பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது அல்லவா? 49-ஐ 6.25-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 8. அந்தி இருளில் 8 × 56 காட்டும் பிம்பம் எட்டு மடங்கு பிரகாசமானது. பரண்மீது இருப்பவருக்கு வேண்டியது அதுதான். ஆனால் அவர் முதியவரானால் கண்பாவை 5 மி.மீ. அளவுக்கே விரியக்கூடும், அவருக்கு 8 × 42 போதும். 56 மி.மீ. வில்லையின் எடையை வீணாக ஏன் சுமக்க வேண்டும்?

அமெரிக்காவின் மேற்குப்பகுதி மலைகளில் கதை வேறு. அங்கே ஒரு சரிவில் அமர்ந்து, ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளி எதிர்ச்சரிவில் மேயும் மானைப் பகலில் தேடுகிறார்கள். அதற்கு 15 × 56 நல்லது. ஆனால் கையில் பிடித்து அல்ல, முக்காலியில் பொருத்தி. அதற்குமேல் பெருக்கினாலும் வெயில் ஏறியபின் பலன் குறைவு. கோடையில் தார்ச்சாலைக்கு மேல் காற்று அலைவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த அலைச்சலையும் கருவி பெருக்கித்தான் காட்டும்.

எண்களில் தெரியாத குணங்களும் உண்டு. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடும். இப்படி 10 பரப்புகள் இருந்தால்? 0.96-ஐப் பத்து முறை பெருக்கிப் பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு ஒளி போய்விடும். 1935-இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா இதைத் தடுக்கும் மெல்லிய பூச்சை உருவாக்கினார். வில்லையில் விளக்கின் பிம்பம் மங்கலான ஊதாவாகவோ பச்சையாகவோ தெரிந்தால் பூச்சு இருக்கிறது. வெள்ளையாகப் பளிச்சிட்டால் இல்லை.

இன்னொரு சோதனையைக் கடையிலேயே செய்யலாம். பைனாகுலரைக் கண்ணிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து, வெளிச்சமான சுவரை நோக்கித் திருப்புங்கள். சூரியனை நோக்கி ஒருபோதும் திருப்பாதீர்கள். கண்ணருகு வில்லையில் ஒரு வெள்ளை வட்டம் தெரியும். அளவுகோலை வைத்து அளந்தால் நாம் வகுத்த எண் கிடைக்க வேண்டும். வட்டத்தின் ஓரங்கள் சாம்பல் நிறமாக வெட்டுண்டு சதுரம்போல் தெரிந்தால், குறை உள்ளே இருக்கும் முப்பட்டகத்தில். முழு அக எதிரொளிப்பைப் படித்திருக்கிறீர்கள். ஒளிவிலகல் எண் 1.52 உள்ள கண்ணாடியின் மாறுநிலைக் கோணம் 41 டிகிரிக்குச் சற்று மேல். ஓரக் கதிர்களில் சில அதைவிடக் குறைந்த கோணத்தில் மோதி, வெளியே நழுவிவிடுகின்றன. 1.57 உள்ள கண்ணாடியில் மாறுநிலைக் கோணம் 40 டிகிரிக்கும் கீழே. அதனால் அவற்றில் பெரும்பாலானவை தப்புவதில்லை.

என் பழைய 20 மடங்குக் கருவியைப் பல ஆண்டுகள் கழித்து இப்படிச் சோதித்தேன். அச்சான சதுரம்!