கணினியே வானொலிப் பெட்டியாக

மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு காலத்தில் செய்தி என்பது தப்பின் ஓசையோடு வந்தது. விடியற்காலையில் தப்பு முழங்கினால் தொழிலாளர் பிரட்டுக்களத்தில் கூடுவர்; அன்றைய வேலையும் கட்டளையும் அங்கே தெரிய வரும். பின்னர் வானொலிப் பெட்டி லயங்களுக்குள் புகுந்தது. தோட்டத்துக்கு அப்பாலுள்ள உலகின் குரல், துரையையும் கங்காணியையும் எதிர்பாராமல் நேராகத் தொழிலாளியின் செவியை வந்தடைந்தது. கொழும்பில் 1925 டிசம்பரில் தொடங்கிய ஒலிபரப்பு, 1949-இல் ரேடியோ சிலோன் என்ற பெயரைப் பெற்று, 1967-இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாக மாறிய வரலாறு நேயர் பலரும் அறிந்ததே.

இன்று அந்தப் பெட்டி பல வீடுகளில் இல்லை. அதன் இடத்தைக் கைத்தொலைபேசி பிடித்துக்கொண்டது. ஹட்டனிலோ நுவரெலியாவிலோ ஒருவர் தொலைபேசியில் வானொலி கேட்கிறார் என்றால், பெரும்பாலும் அது இணையத்தின் வழியே வரும் ஒலியாகவே இருக்கும். கோபுரம் இயங்கும்வரை இதில் குறையில்லை. கோபுரத்துக்கு மின்சாரம் நின்றாலோ கம்பி அறுந்தாலோ தொலைபேசியும் ஊமையாகிவிடும்.

இது வீண் அச்சம் அன்று. 2014 அக்டோபர் 29-ஆம் நாள் பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மண்சரிவு லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி மத்திய மலைநாட்டில் எண்ணற்ற மண்சரிவுகளை உண்டாக்கிற்று. பாதைகளும் மின்சாரமும் தொலைத்தொடர்பும் பல இடங்களில் ஒருங்கே தடைப்பட்டன. எச்சரிக்கை மிகவும் வேண்டிய வேளையிலேதான் இணையம் கைவிடுகிறது. வானலையோ இடையில் எந்தக் கம்பியையும் நம்புவதில்லை. ஆகவே, கையில் உள்ள கணினியையும் தொலைபேசியையும் வானலையை நேரே பற்றும் கருவியாக ஆக்க இயலுமா என்பது பயனுள்ள கேள்வியாகும். இயலும். அதற்கு வேண்டியவை விரலளவுள்ள ஒரு சிறு கருவியும், விலையின்றிக் கிடைக்கும் மென்பொருளுமே.

பழைய வானொலிப் பெட்டியில் சுருளும் மின்தேக்கியும் சேர்ந்து வேண்டிய அலையைப் பிரித்தெடுத்தன. புதிய முறையில் அவ்வேலையைக் கணக்கு செய்கிறது. தேயிலைத் தொழிற்சாலையில் உலர்ந்த தூள் முழுவதும் ஒன்றாகவே சல்லடைக்கு வருகிறது; பெருந்தூள், சிறுதூள், பொடி என்று சல்லடையே தரம் பிரிக்கிறது. அதுபோலவே, சிறு கருவி வானலையின் ஒரு பெரும் பகுதியை ஒருசேர அள்ளி, ஒரு நொடிக்கு ஏறத்தாழ 24 இலட்சம் முறை அளந்து எண்களாக்கிக் கணினிக்கு அனுப்புகிறது. அவ்வெண்களைச் சலித்து ஒரு நிலையத்தைத் தனியே எடுப்பது மென்பொருளின் பணி. சல்லடையை மாற்றினால் தரம் மாறுவதுபோல, மென்பொருளை மாற்றினால் அதே கருவி வேறுவகை வானொலி ஆகிவிடும்.

இக்கருத்துக்கு மென்பொருள் வானொலி என்ற பெயரை 1990-களின் தொடக்கத்தில் வழங்கியவர் அமெரிக்கப் பொறியியலாளர் ஜோசப் மிட்டோலா. எவரும் எடுத்தாளத்தக்க குனு ரேடியோ என்னும் கட்டற்ற மென்பொருள் 2001-இல் தொடங்கப்பெற்றது. ஆயினும் கருவி விலை மிகுந்ததாகவே இருந்தது. கணினியில் தொலைக்காட்சி பார்ப்பதற்கென விற்கப்பட்ட மலிவான செருகு கருவிகளில் உள்ள ரியல்டெக் சில்லு, அலையின் எண்களை அப்படியே வெளியிட வல்லது என்பதை ஆர்வலர்கள் கண்டறிந்து, 2012-இல் அதற்குரிய மென்பொருளை உலகுக்கு வழங்கினர். அன்று முதல் மாணவர்களுக்கும் இத்துறை எட்டும் பொருளாயிற்று.

கருவி வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி, காற்றில் வருவது எது என்பதே. இலங்கையில் அன்றாடம் கேட்கப்படுவது பண்பலை. அது எண்முறை ஒலிபரப்பு அன்று. ஆயினும் மென்பொருள் வானொலி அதனை நன்றாகப் பற்றும். எண்முறையில் இரு பெருவகைகள் உண்டு. டி.ஏ.பி. என்பது ஐரோப்பிய நாடுகளில் பெருவழக்கு. டி.ஆர்.எம். என்பது மத்திய அலையிலும் சிற்றலையிலும் நெடுந்தொலைவு செல்லத்தக்கது. அகில இந்திய வானொலி சென்னை உள்ளிட்ட நகரங்களில் இம்முறைக்கேற்ற 35 மத்திய அலைப் பரப்பிகளை நிறுவிற்று. மத்திய அலை இரவில் வானின் மேலடுக்கில் பட்டுத் திரும்புவதால், தமிழகத்து நிலையங்களின் ஒலி பாக்குநீரிணையைக் கடந்து இலங்கையை எட்டும். டி.ஆர்.எம். முறையில் ஒலியோடு எழுத்தும் வரும். அபாய வேளையில் பெட்டியை எச்சரிக்கை ஒலிபரப்புக்குத் தானே திருப்பும் ஏற்பாடும் அதில் உண்டு. எந்த நிலையம் எந்நேரத்தில் எம்முறையில் ஒலிபரப்புகிறது என்பதை நிலைய அட்டவணையில் பார்த்த பின்பே கருவியைத் தேர்தல் நலம். ஏனெனில் சாதாரண ரியல்டெக் கருவி ஏறத்தாழ 24 முதல் 1,700 மெகாஹெர்ட்ஸ் வரையே கேட்கும். பண்பலை அதனுள் அடங்கும். மத்திய அலை அடங்காது. மத்திய அலைக்கு, அதனையும் ஏற்கும் வகைக் கருவியையோ அலையை உயர்த்தித் தரும் இணைப்பையோ வாங்க வேண்டும்.

இனி நிறுவும் முறை. கணினியில் டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளம் இருக்குமானால் வேலை எளிது. இணையம் உள்ள நாளில் அதன் மென்பொருள் களஞ்சியத்தைத் திறந்து, பண்பலைக்கு ஜீகியூஆர்எக்ஸ் என்பதையோ, டி.ஏ.பி. ஒலிபரப்பு உள்ள நாட்டில் வெல்லே.ஐஓ என்பதையோ தேடி நிறுவலாம். பலரும் இடறுவது அடுத்த படியிலேதான். கருவியைச் செருகியவுடன், இது தொலைக்காட்சிக் கருவி என்று எண்ணி இயங்குதளம் தன் பழைய இயக்கியை அதற்குக் கொடுத்துவிடும். வானொலி மென்பொருளோ கருவி இல்லை என்று கூறும். அந்தத் தொலைக்காட்சி இயக்கியை விலக்குப் பட்டியலில் சேர்த்து, கணினியை மறுபடி தொடக்கினால் தடை நீங்கும். பின்னர் மென்பொருளில் கருவியைத் தெரிவுசெய்து, அகலப் பண்பலை என்னும் முறையை வைத்து, நிலையத்தின் எண்ணைக் கொடுத்தால் திரையில் அலை மலைமுகடுபோல் எழும், ஒலியும் கேட்கும்.

டி.ஆர்.எம். கேட்பதற்கு ட்ரீம் என்னும் மென்பொருள் உண்டு. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவாகிப் பொது உரிமத்தில் வழங்கப்பட்டது அது. அலையைப் பற்றியும் ஒலி வராவிடின், சுருக்கிய ஒலியை விரிக்கும் நூலகம் கணினியில் இல்லை என்பதே பெரும்பாலும் காரணம். அந்நூலகத்தையும் சேர்த்து நிறுவ வேண்டும்.

தொலைபேசியிலும் இவை இயலும். 2020-இல் வெளிவந்த பைன்போன் போன்றவை லினக்ஸிலேயே இயங்குவதால், கணினிக்குரிய மென்பொருள்கள் பலவற்றை அப்படியே ஏற்கும். ஆண்ட்ராய்டு தொலைபேசிக்கு எஸ்.டி.ஆர். பிளஸ் பிளஸ் என்னும் கட்டற்ற மென்பொருளின் ஒரு வடிவம் உண்டு. கருவியைச் செருக ஓ.டி.ஜி. கம்பி வேண்டும். சிறு கருவி தொலைபேசியின் மின்கலத்தை விரைவில் உண்டுவிடும் என்பதை மறத்தலாகாது. பழைய தொலைபேசிகள் பலவற்றில் பண்பலைச் சில்லு உள்ளேயே இருப்பதுண்டு. காதுக்கம்பியைச் செருகினால் அதுவே வான்கம்பியாகிவிடும். அத்தகையோர்க்கு வேறெதுவும் வேண்டா.

மலைநாட்டில் மென்பொருளைவிட வான்கம்பிக்கே மிகுந்த கவனம் தேவை. பண்பலை நேர்கோட்டில் செல்வது. முகட்டில் தெளிவாகக் கேட்கும் நிலையம் பள்ளத்து லயத்தில் கேளாது போகும். தகரக் கூரையும் அலையை மறைக்கும். ஆகவே வான்கம்பியைச் சன்னலுக்கு வெளியே, நிலையம் உள்ள திசையில் தடையின்றி நிறுத்த வேண்டும். பண்பலைக்கு ஏறத்தாழ 75 சென்ரிமீற்றர் நீளக் கம்பி பொருந்தும். மின்னேற்றிகள் இரைச்சலை உண்டாக்குவதால், மின்கலத்தில் இயக்கிப் பார்த்தல் நன்று. இடி மின்னல் வேளையில் வெளிக்கம்பியைக் கழற்றிவிடுதல் கட்டாயம். மேலும், பழைய முறையில் அலை தேய்ந்தால் ஒலி இரைச்சலோடு மங்கும். எண்முறையிலோ ஒரு எல்லைவரை தெளிவு, அதற்குக் கீழே முற்றும் மௌனம். எனவே அபாய காலத்துக்கு எண்முறையை மட்டும் நம்பியிராமல், மின்கலத்தில் ஓடும் சிறு டிரான்சிஸ்டர் பெட்டி ஒன்றையும் வீட்டில் வைத்திருப்பதே விவேகம்.

வானொலியும் கணினியும் கைகோப்பது மலையகத்துக்குப் புதிதன்று. நுவரெலியா மாவட்டத்துக் கொத்மலைச் சமுதாய வானொலி, யுனெஸ்கோவின் உதவியுடன் 1999-ஐ ஒட்டி இணையத்தோடு இணைக்கப்பட்டது. நேயர் கேட்ட கேள்விக்கு அறிவிப்பாளர் கணினியில் விடை தேடி, அதனை ஊரார் மொழியில் வானலையில் விளக்கினார். அன்று கணினியிலிருந்த அறிவை வானொலி வீடுகளுக்குக் கொண்டு சென்றது. இன்று வானலையிலுள்ள குரலைக் கணினி பற்றித் தருகிறது. கட்டற்ற மென்பொருளாதலின் அதனைப் பிரதி எடுத்து அயலார்க்கு வழங்கலாம். அதன் சொற்களைத் தமிழில் ஆக்கவும் உரிமை உண்டு. ஒரு பாடசாலையில் ஒரு கருவியும் ஒரு பழைய கணினியும் இருந்தால், ஒரு தோட்டத்துப் பிள்ளைகள் அனைவரும் கற்றுக்கொள்ளலாம்.

ஆனால் இக்கல்விக்குப் பருவம் உண்டு. மழை கொட்டி, கோபுரம் அணைந்த இரவில் மென்பொருளை இறக்க இயலாது. தை முதல் பங்குனி வரை மழை குறைந்த மாதங்களில் நிறுவி, எந்த நிலையம் எந்த எண்ணில், எந்தச் சன்னலருகில் கேட்கிறது என்பதைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்தல் வேண்டும். வெளியேறுக என்ற சிவப்பு எச்சரிக்கை வரும் வேளையில், அத்தாளே அக்குடும்பத்தின் முதல் துணையாக நிற்கும்.